கம்பம் நீர் சேரும் வரை

சித்திரை பிறந்து வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், உக்கடத்திலிருந்து காந்திபுரம் செல்லும் டவுன் பஸ்ஸில், இளவேனில் தன் சொற்களைப் பிறர் வாயிலிருந்து கேட்டாள்.

ஓட்டுநரின் தலைக்கு மேலே சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்த ஒலிபெருக்கியில் முதலில் உடுக்கை அதிர்ந்தது. பம்பை சேர்ந்தது. பிறகு, சென்னையிலிருந்து வந்து பாடிவிட்டுப் போகும் பெயர்பெற்ற பாடகி ஒருத்தியின் குரல் குழைந்து எழுந்தது. மாரியம்மன் தன் கணவனைப் பிரியும் நாளில் பாடுவதாக அமைந்த புதுப்பாட்டு அது.

நிழலில்ஓர் ஓரம்நீ தந்தால் போதும் – உன்
நினைவில்ஓர் ஈரம்தான் நின்றால் போதும்
ஊரறிய வேண்டாம் உறவென்றும் வேண்டாம்
வாசலிலே கிடப்பேன் போகாதே போகாதே

முன்னிருக்கையில் இருந்த முதியவள் ஒருத்தி முந்தானையால் கண்ணை ஒற்றிக்கொண்டாள். "ஆத்தா எப்புடி அழுவறா பாரு, கேக்கவே மாட்டாம இருக்குது," என்று பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னாள்.

இளவேனிலின் கை தானாகவே கம்பியை விட்டது. பஸ் ஒரு திருப்பத்தில் சாய்ந்தபோது யார் தோளிலோ மோதி நிமிர்ந்தாள். அடுத்த நிறுத்தத்தில் இறங்கப் போனவளைப் பார்த்து நடத்துநர், "ஏனுங்க அம்மணி, காந்திபுரம் இன்னும் வர்லீங்களே," என்றார். அவள் காதில் அது விழவில்லை. அந்தப் பாட்டின் ஒவ்வொரு சொல்லும் அவள் சொன்னது. பாடியது அல்ல, சொன்னது. அம்மனுக்காக அல்ல, தனக்காக. ஒருவனிடம், ஒரே ஒரு முறை.

அவள் தொழில் பாடுவது. ஆனால் அவள் குரலை அறிந்தவர் எவரும் இல்லை. காந்திபுரத்தில் ஒரு துணிக்கடையின் மாடியில் பக்திப் பாடல் கேசட்டுகள் பதிவு செய்யும் கூடம் ஒன்று இருந்தது. அங்கே அவள் 'ட்ராக்' பாடுபவள். பெயர்பெற்ற பாடகியருக்கு மெட்டைக் கற்றுக்கொள்ள நேரம் இருக்காது. ஆகவே முதலில் இளவேனில் பாடிப் பதிவு செய்வார்கள். பாடகி வந்து அதைக் காதில் மாட்டிக் கேட்டு, மூச்சு விடும் இடம் முதற்கொண்டு அப்படியே பாடுவாள். பின்பு இளவேனிலின் குரலை அழித்துவிடுவார்கள். சிறு வயதிலேயே பதிகங்களைப் பண்ணோடு ஓதக் கற்றவள் அவள். ஒரு முறை கேட்டால் போதும், பிசகாது. நான்கு ஆண்டுகளில் எத்தனையோ தெய்வங்கள் அவள் குரலில் எழுந்து, அழிந்து, வேறொருத்தி குரலில் ஊர்வலம் போயிருந்தன. அதில் அவளுக்கு வருத்தம் இருந்ததில்லை. ஏனெனில் மெட்டமைத்தவன் மனோஜ்குமார்.

மனோஜ்குமார் உடுமலைப்பேட்டைக்குத் தெற்கே அமராவதி வாய்க்கால் பாயும் ஓர் ஊரில் தென்னந்தோப்புகள் உடைய பண்ணையக்காரர் ராசப்பனின் மகன். அதே ஊரில், வாய்க்காலுக்கு அந்தப் புறத்துக் குடியிருப்பில் பிறந்தவள் இளவேனிலின் தாய் பழனியாத்தாள். அந்தத் தோப்புகளில் தேங்காய் பொறுக்கிய கைகள் அவளுடையவை. கணவனை இழந்த பிறகு மகளைத் தூக்கிக்கொண்டு கோவைக்கு வந்து நூற்பாலை ஒன்றில் பஞ்சு கூட்டும் வேலையில் சேர்ந்தவள். ஒரே ஊர் என்று தெரிந்த நாளில் மனோஜ்குமார் வியந்து சிரித்தான். "அப்படின்னா நம்ம ரெண்டு பேரும் ஒரே வாய்க்காத் தண்ணி குடிச்சவங்க," என்றான். கரைகள் வேறு என்பதை அவன் சொல்லவில்லை. அவளும் நினைவூட்டவில்லை. திருமணம் செய்துகொள்வதாக அவன் சொன்னான். தெய்வத்தின் பெயரைச் சொல்லிச் சொன்னான்.

தை மாதம் உக்கடத்துக் குளக்கரையில் வைத்து, பொள்ளாச்சியில் பெண் முடிவாகிவிட்டது என்றும் சொன்னான்.

அன்று அவள் சொன்னவைதாம் அந்தச் சொற்கள். குளத்தின் மேல் நீர்க்காகங்கள் தாழப் பறந்துகொண்டிருந்தன. "ஊருக்குத் தெரிய வேண்டாமுங்க. உறவுன்னு சொல்ல வேண்டாம். உங்க நிழல்ல ஒரு ஓரம் குடுத்தாப் போதும். வாசல்ல கெடந்துக்கறேன். போயிராதீங்க," என்றாள். கைகூப்பிக்கொண்டு சொன்னாள். அவன் தலை குனிந்து, கண்ணை மூடி, நெடுநேரம் அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் உள்ளம் உருகுகிறது என்று அவள் நம்பினாள். மனப்பாடம் செய்துகொண்டிருந்தான் என்பது இன்றுதான் விளங்கியது.

*

கூடத்தின் படியேறி அவள் உள்ளே நுழைந்தபோது, ஒலிப்பதிவாளர் மயில்சாமி நாடாச் சுருளைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

"வாங்க அம்மணி! இத்தன மாசமா ஆளையே காணோம்? நீங்க இல்லாம நம்ம மைக்குக்கே சளி புடிச்சுப்போச்சுங்க," என்று சிரித்தவர், அவள் முகத்தைக் கண்டதும் சுருளைக் கீழே வைத்துவிட்டு, "டீ சொல்லிப்போட்டு வாரேன்," என்று வெளியே நழுவினார்.

மனோஜ்குமாரின் கையில் புது மோதிரம் இருந்தது. அவளைக் கண்டதும் சிறிது திகைத்து, உடனே தேறிக்கொண்டான்.

"பாட்டுக் கேட்டயா?"

"கேட்டனுங்க. பஸ்ஸுல."

"எப்புடி இருக்குது?"

"அது நான் சொன்னதுங்க."

அவன் கண்ணாடித் தடுப்பின் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தான். "மெதுவாப் பேசு. நீ சொன்னது பேச்சு. நான் பண்ணுனது பாட்டு. ரெண்டும் ஒண்ணாயிருமா?"

"வாசல்ல கெடக்கறேன்னு உங்ககிட்ட நான் சொன்னனுங்க. ஆத்தா ஆருகிட்டயும் அப்புடிச் சொல்லமாட்டா."

"அம்மணி, இந்த நாலு வருசத்துல நீ பேசுனதுலயே அழகான பேச்சு அதுதான். அது வீணாப் போகட்டும்னு உட்டிருக்கோணுமா நானு? இன்னைக்கு ஊரே கேட்டு அழுவுது. உனக்கு அதுல சந்தோசம் இல்லயா?"

அவன் அதை ஏளனமாகச் சொல்லவில்லை. பரிசு ஒன்றைக் கையில் வைத்து நீட்டுகிறவனைப் போலச் சொன்னான். அவன் தான் சொன்னதை முழுக்க நம்பினான். வைதிருந்தால் கூட இளவேனில் தாங்கியிருப்பாள்.

"நீ வந்ததும் நல்லதாப் போச்சு," என்று அவன் தொடர்ந்தான். "நம்மூர்ல வார செவ்வாக்கெழம கம்பம் எடுக்கறாங்க. இந்தப் பாட்டத்தான் பாடோணும்னு எல்லாருக்கும் ஆச. ஆனா அப்பா ஒரே புடியா நிக்கறாரு. டேப்புல பாட்டுப் போட்டுக் கம்பம் எடுக்கறதுக்கு இதென்ன சினிமாக் கொட்டாயான்னு கேக்கறாரு. உசுரோட ஒருத்தர் மூச்சுப் புடிச்சுப் பாடோணும். கம்பம் தண்ணியத் தொடற வரைக்கும் பாட்டு நிக்கக் கூடாது. அந்த மெட்ராஸ் அம்மா முடியாதுன்னுட்டாங்க. உன்னை உட்டா அப்படிப் பாடறதுக்கு ஆளில்ல."

கொங்கு நாட்டில் மாரியம்மன் நோன்பு சாட்டி ஊருக்கு அறிவித்ததும், மூன்று கிளையாகப் பிரிந்த மரம் ஒன்றை வெட்டி வந்து கோயில் முன்னால் நடுவார்கள். அதுவே கம்பம். நோன்பு முடியும் வரையில் அது மரமன்று, அம்மனின் கணவன். பெண்கள் நாள்தோறும் அதற்கு மஞ்சள் நீர் வார்ப்பார்கள். ஆண்கள் அதைச் சுற்றி ஆடுவார்கள். இறுதி நாளில் அதைப் பிடுங்கித் தோளில் சுமந்து நீரில் விட்டுவிடுவார்கள். ராசப்பனின் ஊரில் அதற்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. சுமப்பவர்கள் பாட்டைக் கேட்டுத்தான் நடப்பார்கள். பாட்டு நின்றால் கால் நின்றுவிடும். பிடுங்கிய கம்பம் வழியில் மண்ணைத் தொட்டால் அந்த ஆண்டு மழை இல்லை என்பது ஊரின் அச்சம். வாய்க்காலுக்கு மறுகரையில் தாயின் மடியில் இருந்து கம்பப் பாட்டைத் தொலைவில் கேட்டு வளர்ந்தவள் இளவேனில். அவளுக்கு அவன் விளக்க வேண்டியதில்லை.

"ஒண்ணே ஒண்ணு," என்றான் மனோஜ்குமார். "ஆராச்சும் எந்த ஊருன்னு கேட்டா கோயமுத்தூருன்னு சொல்லிக்க. வாய்க்காலுக்கு அக்கட்டால ஊடுன்னு மட்டும் வாயத் தொறந்துபோடாத. அப்பாவுக்குத் தெரியாது. உனக்காகத்தான் சொல்றேன்."

அவள் படியிறங்கினாள்.

*

மாலையில் பழனியாத்தாள் ஆலையிலிருந்து வந்து, தலைமுடியில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு, முறத்தில் அரிசி எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தாள். அண்டை வீட்டு டேப் ரெக்கார்டரில் யாரோ அந்தக் கேசட்டைப் போட்டார்கள். இளவேனில் அடுப்பின் முன் அசையாமல் இருந்தாள்.

பழனியாத்தாள் கல் பொறுக்கிக்கொண்டே முழுப்பாட்டையும் கேட்டாள். முடிந்ததும், "த்தூ," என்றாள்.

"ஏனம்மா?"

"பின்ன என்ன கண்ணு? ஆத்தாளுக்குப் போயி இப்புடி ஒரு பாட்டா? வாசல்ல கெடக்கறாளாம், நெழல்ல ஒண்டிக்கறாளாம். மானங்கெட்ட எவளோ ஒருத்தி அழுததைக் கேட்டு எவனோ எழுதிப்போட்டான். அவளுக்கும் வெக்கமில்ல, இவனுக்கும் வெக்கமில்ல."

அடுப்பில் தண்ணீர் பொங்கி வழிந்து தீயை அணைத்தது. "எங்க பாத்துட்டு இருக்கற?" என்று தாய் அதட்டினாள். இளவேனில் விறகைத் தள்ளி ஊதினாள். புகை கண்ணில் பட்டது நல்லதாயிற்று.

அன்று தொட்டு உணவு அவளுக்கு இறங்கவில்லை. அவனை இழந்த துயரம் மாசியோடு ஒருவாறு அடங்கியிருந்தது. இது வேறு. ஒருத்தி தன் வாழ்நாளில் மிகத் தாழ்ந்து நின்ற ஒரு கணத்தை எடுத்து, பொட்டிட்டு, பூச்சூட்டி, தெய்வத்தின் வாயில் வைத்துத் தெருத்தெருவாகப் பாடவைத்திருக்கிறான். அந்தப் பாட்டு உள்ளவரை அவள் அந்தக் குளக்கரையில் கைகூப்பியபடியே நின்றுகொண்டிருக்க வேண்டும். பெற்றவளே காறித் துப்புகிறாள், யார்மேல் என்று அறியாமல். அழுத சொல் அவளுடையது. அதை மீட்காமல் இனி ஒரு பதிகமும் தன் நாவில் நில்லாது என்று அவளுக்குத் தோன்றியது.

வியாழக்கிழமை அவள் மயில்சாமிக்குத் தொலைபேசியில் சொன்னாள்: "நான் பாடறனுங்க."

பிறகு அவள் சொற்களைக் கட்டத் தொடங்கினாள். மெட்டை மாற்றவில்லை. மெட்டு மாறினால் பம்பைக்காரர் அடி தப்பும். சுமப்பவர் கால் தப்பும். சொல்லை மட்டும் மாற்றினாள். குளிக்கும்போதும், தண்ணீர்க் குழாயடியில் குடத்துக்குக் காத்திருக்கும்போதும் அவள் உதடுகள் அசைந்தன. பழைய பதிகங்களில் அடியார்கள் இறைவனை ஏசியிருக்கிறார்கள். கண்ணைப் பறித்துக்கொண்டாய், நீயே வாழ்ந்து போ என்று நேருக்கு நேர் நின்று வெகுண்டிருக்கிறார்கள். அன்புடையவர்க்கே அந்த உரிமை. ஆனால் ஓரிடத்தில் அவள் தயங்கினாள். அவனும் தன் தேவைக்கு அம்மனின் வாயை எடுத்துக்கொண்டான். நானும் அதைத்தானே செய்கிறேன்? இரண்டு நாள் அந்தக் கேள்வியோடு உழன்றாள். விடை கிடைக்கவில்லை. கிடைக்காமலே மேலே கட்டினாள். குற்றமாயின் அம்மனே தன் நாவை நிறுத்தட்டும் என்று விட்டுவிட்டாள்.

*

செவ்வாய்க்கிழமை பிற்பகல் கோயில் முன்னால் மஞ்சள் நீர் தேங்கிய சேற்றில் ஊர் திரண்டிருந்தது. ராசப்பன் வெள்ளை வேட்டியும் தோளில் துண்டுமாக முன்னால் நின்றார். அவருக்குப் பின்னால் பெண்கள் வரிசையில், பட்டுச்சேலையில், புது மருமகள் இருந்தாள். பாட்டியின் பெயரைத் தாங்கிய அவள் பூவாத்தாள், கல்லூரியில் படித்தவள். ஒலிபெருக்கிகள் கட்டிய டெம்போ வண்டியின் மேல் மயில்சாமி கருவிகளை முடுக்கிக்கொண்டிருந்தார். அவர் அருகில் இளவேனில் நின்றாள். மனோஜ்குமார் வெண்பட்டுச் சட்டையில் வண்டியின் கீழே நின்று, சுற்றியிருந்த பொள்ளாச்சி உறவினர்களின் பாராட்டுகளை வாங்கிக்கொண்டிருந்தான்.

"பாட்டெழுதின மாப்பிள்ள இவருதானுங்களா? எங்கம்மா மூணு நாளா அழுதுட்டே இருக்குதுங்க."

"இன்னும் ரெண்டு பாட்டு எழுதுனீங்கன்னா எங்கூர்ல தண்ணிப் பஞ்சமே இருக்காதுங்க மாப்பிள்ள, கண்ணீர்லயே வெள்ளாம பண்ணிக்கலாம்!"

சிரிப்பு எழுந்தது. மனோஜ்குமாரும் சிரித்தான்.

மயில்சாமி தாளை நீட்டினார். "பாட்டுத் தாளுங்க அம்மணி."

"வேண்டாமுங்க. மனசுல இருக்குது."

கம்பத்தைப் பிடுங்கினார்கள். மண் விட்டுக்கொடுத்த ஓசை கேட்டது. இளைஞர்கள் அதை அப்படியே தோளில் ஏற்றினார்கள். பம்பை ஒருமுறை சுழன்று அடங்கியது. எல்லாரும் டெம்போவைப் பார்த்தார்கள். இளவேனில் கண்ணை மூடி, நெஞ்சில் ஒரு முறை அம்மனை நினைத்து, எடுத்தாள்.

நிழல்தேடி நின்றவள் நானல்ல போய்வா – என்
நெருப்புக்கு நிழலேது நேரமாச்சு போய்வா

முதல் அடி வழக்கமான மெட்டில் வந்ததால் பலர் உணரவில்லை. கேசட்டைக் கேட்டுக் கேட்டுப் பழகிய பெண்கள் உடன்பாட வாயெடுத்தவர்கள், தங்கள் சொல் வேறாகவும் அவள் சொல் வேறாகவும் இருக்கக் கண்டு நிறுத்தினார்கள். கம்பம் நகரத் தொடங்கிவிட்டது.

நட்டநாள் வந்தது நான்தந்த வாழ்வு
பட்டமரம் ஆனாய் பழியெனக் கேது
கட்டிய மஞ்சளைக் கழற்றிநான் தாரேன்
விட்டனன் நீரிலே விரைவினில் போய்வா

மனோஜ்குமாரின் முகம் வெளுத்தது. வண்டியின் பக்கவாட்டைக் கையால் தட்டி, "மயில்சாமிண்ணா! நிறுத்துங்க!" என்றான். மயில்சாமி கேளாதவர் போல ஏதோ ஒரு திருகைத் திருகினார். மனோஜ்குமார் எட்டி மேலேறி, மின்கம்பியைப் பிடுங்கினான்.

ஒலிபெருக்கிகள் ஊமையாயின. தெருவில் பம்பையின் அதிர்வு மட்டுமே கேட்டது. கம்பம் சுமந்தவர்களின் கால்கள் நின்றன. பச்சை மரத்தின் கனம்; ஒரு பக்கம் தாழ்ந்தது. "பாட்டு! பாட்டுங்கோ! கம்பம் எறங்குதுங்கோ!" என்று அவர்கள் அலறினார்கள். பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள்.

இளவேனில் பாடுவதை நிறுத்தவே இல்லை. நிறுத்தவில்லை என்பது அருகில் இருந்தவருக்கு மட்டும் தெரிந்தது. அவள் டெம்போவின் பின்பலகையைப் பிடித்துக் கீழே குதித்தாள். சேற்றில் கால் வழுக்கி ஒரு முழங்கால் தரையில் ஊன்றியது. எழுந்து, கூட்டத்தைப் பிளந்துகொண்டு, கம்பத்தின் அடிக்கிளைக்கு ஒரு கை தூரத்தில் போய் நின்று, அடிவயிற்றிலிருந்து எடுத்துப் பாடினாள். சுமந்தவர்களுக்குக் கேட்டது. தாழ்ந்த பக்கம் உயர்ந்தது. கால்கள் மறுபடியும் எடுத்து வைத்தன.

"அப்பா, அவ பாட்ட மாத்திப் பாடறா!" என்று மனோஜ்குமார் ஓடிவந்தான்.

"எதைப் பாடுனா என்னடா, பாட்டு நிக்கக் கூடாது," என்றார் ராசப்பன். பிறகு பம்பைக்காரர்களை நோக்கிக் கையமர்த்தினார். "மேளத்த அடக்கு. அந்தப் புள்ள தொண்ட கேக்கட்டும்."

மேளம் தணிந்தது. வாய்க்காலுக்கு மறுகரையில் பிறந்த பெண்ணொருத்தி அந்தத் தெருவில், அந்தக் கம்பத்தின் பின்னால், ஊருக்கு முன்னால் நடந்துபோவது அதுவே முதல் முறை. அதை அங்கிருந்தவர்களில் அறிந்தவர் இருவர்தாம். ஒருவன் வாயைத் திறக்க முடியாமல் பின்னால் வந்தான். திறந்தால் அவளை அழைத்து வந்தது யார் என்ற கேள்வி எழும்.

வாய்க்கால்மேடு ஏறுமிடத்தில் அவள் குரல் கிழிந்தது. மேல் ஸ்தாயியில் மணல் உரசுவது போன்ற ஓர் ஓசை கலந்தது. அவள் இறுதிக் கண்ணிக்கு வந்திருந்தாள். அதைப் பாட அவளுக்கு இனிமை வேண்டியிருக்கவில்லை.

வாசலில் கிடப்பவள் நானல்ல கண்டாய்
வாசலே நானென வையகம் சொல்லும்
ஆசையில் கெஞ்சிய அச்சொல்லும் என்சொல்
மோசத்தில் கொண்டதை மீட்டனன் போய்வா

ஊர்ப்பெண்களில் எவரும் அதை உடன்பாடவில்லை. சிலர் முகம் சுளித்தார்கள். அழ வந்தவர்களுக்கு அழ இடமில்லாமற் போயிற்று. ஒருத்தி, "இதென்ன ஆத்தா இப்புடிக் கோவிக்கறா," என்று பயந்துபோய்க் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். கம்பம் தண்ணீரில் விழுந்தது. நீர் இரு கரையிலும் அறைந்து, பின்பு அதைத் தூக்கிக்கொண்டு, மெல்லத் திருப்பி, கிழக்கே கொண்டுபோயிற்று. இளவேனில் பாட்டை முடித்து வாயை மூடினாள்.

"என்ன காரியம் பண்ணிப்போட்ட?" மனோஜ்குமார் அவள் அருகில் வந்து பல்லைக் கடித்தான். "என்ற பாட்டக் கெடுத்துப்போட்டயே!"

அவள் விடை சொல்லுமுன் பட்டுச்சேலையின் சரசரப்புக் கேட்டது. பூவாத்தாள் வந்து நின்றாள். கணவனைப் பார்க்கவில்லை. இளவேனிலைத்தான் பார்த்தாள்.

"ஏனுங்க, ஒண்ணு கேக்கட்டுங்களா? கேசட்டுல வருதே, வாசல்ல கெடப்பேன்னு. அது ஆரு சொன்னதுங்க?"

இளவேனில் கிழிந்த குரலிலேயே சொன்னாள்: "நாந்தானுங்க சொன்னேன். இவருகிட்ட. தை மாசம்."

"இவருகிட்டயா?"

"ஆமாங்க. கெஞ்சுனது நாந்தான். இல்லைன்னு சொல்லமாட்டேன். அதை அம்மன் தலையில கட்டுனது நான் இல்லீங்க."

பூவாத்தாள் கணவன் பக்கம் திரும்பினாள். "கனவுல ஆத்தா வந்து சொல்லிக் குடுத்தான்னீங்களே," என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் ராசப்பன் கேட்டுவிட்டார். அவர் மகனைப் பார்த்தார், மருமகளைப் பார்த்தார், சேறு படிந்த பாவாடையோடு நின்றவளை நெடுநேரம் பார்த்தார்.

"நீ ஆரு ஊட்டுப் புள்ள கண்ணு?"

மனோஜ்குமார், "கோயமுத்தூருங்கப்பா," என்றான்.

"உன்னைக் கேக்கல."

"பழனியாத்தா மகளுங்க," என்றாள் இளவேனில். "வாய்க்காலுக்கு அக்கட்டால. வெள்ளியங்கிரி எங்க மாமனுங்க. உங்க தோப்புலதான் வேல."

சுற்றி நின்றவர்கள் ஓரடி பின்வாங்கினார்கள். ராசப்பன் தோள்துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அவர் குரல் சற்றும் உயரவில்லை.

"நல்லாப் பாடுன. கம்பம் மண்ணத் தொடாமக் கொண்டாந்து சேத்துன. அதுக்கு ஊரு உனக்குக் கடமப்பட்டிருக்குது கண்ணு. போறப்ப உங்க மாமன் ஊட்டுல ஒரு வார்த்த சொல்லிப்போடு. நாளையிலிருந்து ஆரும் தோப்புக்கு வர வேண்டாம்."

பிறகு அவர் திரும்பி நடந்தார். ஊரும் அவர் பின்னே திரும்பிற்று. டெம்போ புறப்படும் ஓசை கேட்டது. மயில்சாமி எதையோ சொல்லக் கையை உயர்த்தியது தெரிந்தது. வண்டி நிற்கவில்லை.

*

குறுகிய பாலத்தைக் கடந்து அவள் மறுகரைக்கு வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. வெள்ளியங்கிரி வேலியோரம் கல்லில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தார், மறுநாள் மட்டை வெட்டுவதற்கு. அவர் மனைவி ராசாத்தாள் சோளத்தட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

"மைக்குல கேட்டுதே, உன்ற கொரலாட்டம்," என்று ராசாத்தாள் முகம் மலர்ந்தாள். "நாஞ் சொன்னேன், இவரு நம்பல. நடுவால நின்னுபோச்சே, ஏன் கண்ணு?"

இளவேனில் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். உக்கடத்துக் குளக்கரையில் தொடங்கி, கைகூப்பியதை, சொன்னதை, ஒன்றையும் மறைக்காமல், உடைந்துபோன குரலில். சொல்லி முடித்து, "உங்க வேல போச்சுங்க மாமா. என்னாலதான்," என்றாள்.

வெள்ளியங்கிரி கத்தியைத் தீட்டிக்கொண்டே இருந்தார். சிறிது நேரம் கழித்துத் தான் என்ன செய்கிறோம் என்று உணர்ந்தவர் போல நிறுத்தி, அதன் கூர்மையை விரலால் தடவிப் பார்த்தார். அவள் முகத்தை அவர் பார்க்கவில்லை.

"எங்கப்பன் காலத்துல இருந்து அந்தத் தோப்பு," என்றார்.

"தெரியுமுங்க மாமா."

"பாடறதுக்கு முன்னால இத நெனச்சயா?"

அவள் உண்மையைச் சொன்னாள். "இல்லீங்க."

ராசாத்தாள் குரலெடுத்து அழத் தொடங்கினாள். இவளுக்காகவா, வேலைக்காகவா என்று பிரித்தறிய முடியாத அழுகை. அண்டை வீடுகளிலிருந்து தலைகள் எட்டிப் பார்த்தன. இளவேனில் போய்த் தேற்றவில்லை. தேற்றும் தகுதி தனக்கு இல்லை என்று நின்றாள். ஆனால் தலையும் குனியவில்லை. சொன்னதற்கு அவள் வருந்தவில்லை. விலையை வேறொருவர் தலையில் வைத்ததற்கு வருந்தினாள். இரண்டும் ஒரே நெஞ்சில் ஒன்றையொன்று அழிக்காமல் இருந்தன.

"காலைல கெழக்க போயி வேற தோப்புல கேக்கோணும்," என்றார் வெள்ளியங்கிரி, யாரிடமும் அல்லாமல்.

"நானும் வாரனுங்க. எதனால வேல போச்சுன்னு கேட்டாங்கன்னா நான் சொல்றேன்."

"நீ சொன்னா எவன் குடுப்பான்?"

வெள்ளியங்கிரி கத்தியைச் சாக்கில் சுற்றிக் கூரையில் செருகினார். உள்ளே போக நிலைப்படியில் குனிந்தவர், திரும்பாமலே கேட்டார்:

"அவங்கிட்டக் கெஞ்சுனது உங்கம்மாளுக்குத் தெரியுமா?"

"தெரியாதுங்க. நான் போயிச் சொல்லோணும்."

"சொல்லிப்போடு," என்றார் அவர். "வேற ஆரு வாயாலயும் அவ கேக்க வேண்டாம்."

ராசாத்தாள் மூக்கைச் சிந்திக்கொண்டு எழுந்து, அடுக்கிய சோளத்தட்டுகளுக்கு நடுவே பாயை உதறிப் போட்டாள். இளவேனில் உட்கார்ந்தாள். பேசுவதற்கு அவளிடம் குரல் மிச்சமில்லை.